நான்கு மஞ்சப்பைகளும் வக்கீல் நஜ்மாவும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் வார்டு மெம்பர் ஜிஷா அவர்களே, எர்ணாகுளத்திலிருந்து வந்திருக்கும் வழக்கறிஞர் பிரதீப் அவர்களே, தங்கள் துக்கத்தோடு எங்கள் நடுவில் வந்து அமர்ந்திருக்கும் வக்கீலம்மாவின் கணவர் ஷபீர் அண்ணா அவர்களே, மகள் முஹ்சினா, வடகரப்பதியிலிருந்தும் மீனாட்சிபுரத்திலிருந்தும் மலைமேலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஆர்த்தி. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்யும் நாச்சம்மாளின் மகள் என்றால் இங்கே பலருக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆனால் நான்கு பேர் முன்னால் பேச இன்னும் பழகவில்லை. எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். தாளிலிருந்து தலையைத் தூக்காமல் படித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த வழக்கறிஞர் நஜ்மா அவர்களைப் பற்றிப் பெரிய பேச்சுகள் இதே மேடையில் கேட்டோம். முப்பது வருடம் பாலக்காட்டுச் சித்தூர் நீதிமன்றத்தில் வாதாடியவர் என்றார்கள். தமிழ் பேசும் மக்களுக்காக மலையாளத் தாள்களோடு மல்லுக்கட்டியவர் என்றார்கள். எல்லாம் உண்மை. எனக்கு அவ்வளவு பெரிதாகப் பேச வராது. எனக்கு ஒரே ஒரு வழக்குதான் முழுதாகத் தெரியும். அது என் அம்மாவின் வழக்கு. அதை மட்டும் சொல்கிறேன். ஒரு மனுஷியை அளக்க ஒரு வழக்கு போதாதா?

இரண்டரை வருடத்துக்கு முன் என் பெரியப்பா இறந்தார். அவருக்கு நான்கு பெண்கள், நான்கு மருமகன்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாமனார் செத்தால் ஒவ்வொரு மருமகனும் தன் முறையைச் செய்ய வேண்டும். கோடித்துணி, மாலை, அரிசி எல்லாம் வரும். குழி வெட்டுகிறவர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் கொடுக்க பாட்டிலும் வரும். அதை மேடையில் சொல்லலாமா என்று யோசித்தேன். வழக்கே அதுதான், சொல்லாமல் எப்படி?

நான்கு சகலைகளும் அடக்கத்துக்கு முந்தின நாளே தனித்தனியாக நம் அரசு மதுக்கடைக்குப் போய் வரிசையில் நின்று ஆளுக்கு மூன்று அரை லிட்டர் பாட்டில் வாங்கினார்கள். ஒருவர் வாங்கியது இன்னொருவர் கணக்கில் போய்விடக்கூடாது அல்லவா? அதனால் ஆளுக்கொரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுத் தரும் தாம்பூலப் பைதான். ஒவ்வொரு பையிலும் அந்தந்த வீட்டு விசேஷம் அச்சடித்திருக்கும். இரண்டில் கல்யாணம், ஒன்றில் புதுமனை புகுவிழா, ஒன்றில் காதணி விழா. பையைப் பார்த்தாலே எந்த மருமகன் கொண்டுவந்தது என்று ஊர் சொல்லிவிடும்.

பெரியம்மா, செத்த வீட்டுக்குள் பாட்டில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான்கு பைகளும் எங்கள் வீட்டுக்கு வந்தன. சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தோம். மதியம் பைகளை எடுத்துக் கொடுப்பதாக இருந்தது. காலை பதினோரு மணிக்கு எக்ஸைஸ் ஜீப் வந்துவிட்டது. யாரோ போன் செய்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

பன்னிரண்டு பாட்டில், ஆறு லிட்டர். ஒருவர் வைத்திருக்கலாம் என்று சட்டம் சொல்வது மூன்று லிட்டர். வீடு யார் பெயரில் என்று கேட்டார்கள். அரசு வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடு, அம்மா பெயரில் இருந்தது. என் அம்மா வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அப்பா குடிப்பதைக்கூட நிறுத்த வைத்தவர். குற்றம் சாட்டப்பட்டவரை இங்கே பிரதி என்பார்கள். அவர்தான் ஒன்றாம் பிரதி, அவர் ஒருவர்தான் பிரதி.

மருமகன்கள் நால்வரும் பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. பறிமுதல் செய்த பொருள்களை எழுதிய தாளை மகஸர் என்பார்கள். அது மலையாளத்தில் இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பு வரை தமிழ் படித்த என் அம்மா, தமிழில் நாச்சம்மாள் என்று எழுத்துக்கூட்டிப் போட்டார். படித்துக் காட்டியதாகவும் புரிந்துகொண்டதாகவும் அந்தக் கையெழுத்துக்கு மேலே எழுதியிருந்தது. யாரும் படித்துக் காட்டவில்லை. சாவு வீட்டு அவசரத்தில் நாங்களும் கேட்கவில்லை. வந்த அதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு கூரைக்குக் கீழே ஆறு லிட்டர் இருந்தது, அவர் எழுதினார்.

குற்றப்பத்திரிகை வந்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்தும் கடிதம் வந்தது. வழக்கு முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். தண்டனை வந்தால் பதினாறு வருட வேலை போகும், அதன்பின் கிடைக்க வேண்டிய பென்ஷனும் போகும். அதைவிட ஒன்று. எந்தப் பிள்ளைகளின் வகுப்பறையைக் கூட்டினாரோ, அதே பிள்ளைகளில் இரண்டு பேர் எங்கள் வீட்டு வாசலில் நின்று “சாராயக்காரி” என்று கத்திவிட்டு ஓடினார்கள். அம்மா அன்று சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் காலை ஏழரை மணிக்கு, வேலைக்குப் போகும் அதே நேரத்துக்கு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் அங்கன்வாடி முற்றத்தைக் கூட்டினார். கூலி இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. “கை சும்மா இருக்க மாட்டேங்குதுடி” என்றார். பதினான்கு மாதம் அப்படியே கூட்டினார்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று சொன்னவர்கள்தான் அதிகம். அப்பாவும் அதற்குச் சம்மதித்துவிட்டார். அந்த நிலைமையில்தான் நாங்கள் பாலக்காட்டுக்கு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனோம்.

அவருடைய அலுவலகம் எது என்று உங்களுக்குத் தெரியும். ஷபீர் அண்ணாவின் பிளாஸ்டிக் சாமான் கடைக்கு மேல் மாடி. மாடியில் இடம் கிடையாது. கட்சிக்காரர்கள் எல்லாம் கீழே கடையில் விற்பனைக்கு வைத்த நாற்காலியில் விலைச்சீட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஷபீர் அண்ணா, மன்னிக்க வேண்டும், நீங்கள் அன்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “ஏன் நஜ்மா, உன் கேசு ஜெயிச்சா ஜெயிக்கட்டும், தோத்தாத் தோக்கட்டும், என் சேரு ஒண்ணுகூட புதுசா விக்கல, எல்லாம் செகண்ட் ஹேண்டா ஆயிருச்சு” என்றீர்கள். மேலேயிருந்து பதில் வந்தது. “உக்காந்து பாத்தவங்க சாட்சி சொல்லுவாங்க, நல்ல சேருன்னு. வேற என்ன விளம்பரம் வேணும் உங்களுக்கு?” கவலையோடு போன என் அம்மா அங்கேதான் பல மாதம் கழித்துச் சிரித்தார்.

அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ஏனுங்க வக்கீலம்மா, ஒத்துக்கிட்டு பைனக் கட்டீட்டுப் போயர்லாம்னு பாக்கறமுங்க. இழுத்துட்டுத் திரிய நம்மால ஆகாதுங்க.”

“கட்டலாங்க. யார் பேருல தண்டனை?”

“ஊட்டுக்காரி பேருலதானுங்களே கேசு.”

“அப்ப ஊட்டுக்காரங்களக் கேப்போம். நாச்சம்மாக்கா, நீங்க பாட்டில் வாங்கி வெச்சீங்களா?”

“இல்லீங்க.”

“குடிச்சீங்களா, வித்தீங்களா?”

“ஐயோ, இல்லீங்க.”

“அப்புறம் எதை ஒத்துக்கப் போறீங்க?”

வக்கீலம்மா தாள்களைக் கட்டி வைத்துவிட்டு, உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம், இந்தக் குற்றச்சாட்டே நிற்காது, விசாரணைக்குப் போகும் முன்பே ரத்து செய்யுங்கள் என்று கேட்கலாம் என்றார். அப்படி ஒன்று கேட்க முடியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். செய்யாததை ஒத்துக்கொள் என்று சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். செய்யாததை ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க ஒருவர்தான் இருந்தார். அந்த ஒருவருக்காகத்தான் இன்று இங்கே கூடியிருக்கிறோம்.

இனி நான் சொல்லப்போவதை இரங்கல் கூட்டத்தில் சொல்லமாட்டார்கள். அவர் முதல் தடவை தோற்றார்.

முதல் நாள் வாதத்துக்கு நானும் அம்மாவும் எர்ணாகுளம் போயிருந்தோம். பிரதீப் சார் மனுவைத் தாக்கல் செய்திருந்தார், வக்கீலம்மாவே நின்று வாதாடினார். மலையாளம் படிக்கத் தெரியாத பெண்ணிடம் மலையாளத் தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அந்த மகஸர் செல்லாது என்பதுதான் வாதம். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். படித்துக் காட்டினார்களா இல்லையா என்பது சாட்சிகளை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், அதைக் கீழ்க்கோர்ட்டு விசாரணையில் பார்க்கட்டும் என்றார். வேறு ஏதாவது ஆவணம் இருந்தால் காட்டலாம் என்று மூன்று வாரம் தந்தார். அவ்வளவுதான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும் ரயிலில் அம்மா வக்கீலம்மாவுக்கு முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார், வாங்கிக்கொண்டார், பிரிக்கவில்லை. திருச்சூர் தாண்டியதும் சொன்னார்.

“நாச்சம்மாக்கா, தப்பு என்னோடது. கோர்ட்டுல, இவங்களுக்கு யாரும் படிச்சுக் காட்டலன்னு அவ்வளவு நேரம் பேசினேன். நானும் இதுவரைக்கும் உங்களுக்குப் படிச்சுக் காட்டலையே.”

எந்த வக்கீல் இப்படிச் சொல்வார்? எந்தப் படித்தவர், தன்னிடம் வந்த கூலிக்காரப் பெண்ணிடம், ரயில் பெட்டியில் பத்துப் பேர் கேட்க, தப்பு என்னுடையது என்பார்?

அப்போதே மகஸரை எடுத்தார். ஒவ்வொரு வரியாக மலையாளத்தில் படித்துத் தமிழில் சொன்னார். இடம், நேரம், அதிகாரியின் பெயர், பாட்டிலின் அளவு, மூடியின் நிறம். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஒரு இடத்தில், “தமிழ் எழுத்து அச்சடித்த மஞ்சள் துணிப்பை நான்கு” என்று வந்தது. தலையாட்டல் நின்றது.

“அது மாப்பிள்ளைங்க பைங்க” என்றார் அம்மா.

“எந்த மாப்பிள்ளைங்க?”

“எங்க மச்சாண்டாரு மாப்பிள்ளைங்க நாலு பேருங்க. பேரெல்லாம் அதுலயே போட்டிருக்குமுங்க. பெரிய மாப்பிள்ளை வேல்முருகனோட பையில அவிங்க கல்யாணத் தேதியே இருக்குது.”

வக்கீலம்மா பொட்டலத்தைப் பிரித்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஷொரனூர் வரும்வரை விடவில்லை.

பெரியோர்களே, இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மகஸரை நான் ஆறு மாதம் முன்பே படித்திருந்தேன். எனக்கு மலையாளம் தெரியும். பை என்ற வரியையும் பார்த்தேன். அது யாருடைய பை என்றும் எனக்குத் தெரியும். பாட்டில்தானே வழக்கு, பையில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வக்கீல்கள் பார்க்கிற தாளைப் பற்றி நான் என்ன சொல்வது என்று கூச்சம். அம்மாவிடம், “பாட்டிலப் புடிச்சாங்கன்னு எழுதியிருக்கும்மா” என்று மட்டும் சொன்னேன். ரயிலில் இதை அழுதுகொண்டே சொன்னேன். வக்கீலம்மா என்னைத் திட்டவில்லை. “நான் கேக்கல, நீ சொல்லல. பாதிப் பாதி” என்றார். எனக்குத் தெரியும், பாதி அல்ல. ஆனாலும் அவர் தன் பங்கைப் பெரிதாக்கி என் பங்கைச் சிறிதாக்கினார்.

அடுத்த வாரம் கீழ்க்கோர்ட்டில் அனுமதி வாங்கி, பறிமுதலான பொருள்களைத் திறந்து பார்த்தார்கள். பைகள் நான்கும் மடித்தபடி இருந்தன. எழுத்து அழியவில்லை. பெயர், ஊர், தேதி எல்லாம் தெளிவு. பைகளின் அடியில் கடை பில்களும் இருந்தன. ஆனால் அந்த பில் தாள் நாளானால் வெளுத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டுதான் படிக்க முடிந்தது. மற்ற இரண்டும் வெள்ளைத் தாள். ஆக, நால்வரும் வந்து, ஆமாம், இது என் பை, என் பாட்டில் என்று எழுதிக் கொடுத்தால்தான் எங்கள் மனு நிற்கும்.

கொடுப்பார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு மாமாக்களையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டோம். வக்கீலம்மா வந்தார். வேல்முருகன் மாமா இங்கேதான் முதல் வரிசையில் இருக்கிறார், நல்லதம்பி மாமாவும் இருக்கிறார். இந்த மேடையில் சொல்ல அவர்களிடம் நேற்றே அனுமதி கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டுதான் சரி என்றார்கள்.

அன்று யாரும் சிரிக்கவில்லை. வேல்முருகன் மாமா பால் சொசைட்டியில் பொறுப்பில் இருக்கிறவர். “ஏனுங்க, நாங்க எழுதிக் குடுத்தா எங்களப் புடிச்சு உள்ள போட மாட்டாங்கன்னு என்னங்க நிச்சயம்?” என்றார். ஆளுக்கு ஒன்றரை லிட்டர், சட்டம் விடுவது மூன்று லிட்டர், உங்கள் மேல் குற்றமே வராது என்று வக்கீலம்மா விளக்கினார். வேலந்தாவளம் நல்லதம்பி மாமா கூரையைப் பார்த்தார். பொள்ளாச்சி மாமா செல்போனைப் பார்த்தார். நான்காமவர், கொழிஞ்சாம்பாறை மாமா, மஞ்சப்பை எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது, அது என்னுடையதுதான் என்று எப்படிச் சொல்வது என்றார்.

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். “வேண்டாம் வுடுங்க வக்கீலம்மா” என்றார். “மாப்பிள்ளைங்களச் சங்கடப்படுத்த வேண்டாம். எனக்கு விதிச்சது எனக்கு.”

வக்கீலம்மா தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். கிளம்புகிறார் என்றுதான் நினைத்தேன். எழுந்து நின்று, யாரையும் பார்க்காமல், சாதாரணமாகச் சொன்னார்.

“சரிங்க. யாரும் கொண்டாரல. அப்படியே எழுதிக்கிறேன். ஆனா நாளைக்கு ஊருல கேட்டா நான் என்ன சொல்றது? மாமனார் செத்ததுக்கு நாலு மாப்பிள்ளையில ஒருத்தர்கூட முறை செய்யல, எல்லாத்தையும் செத்தவரு தம்பி ஊடே வாங்கி வெச்சுதுன்னு சொல்றேன்.”

முதலில் எழுந்தவர் நல்லதம்பி மாமா.

“அதெப்புடீங்க முறை செய்யல? நான் கொண்டாந்தேனுங்க. வேலந்தாவளத்துக்காரன் முறை செய்யலைன்னு ஒருத்தன் சொல்லட்டும் பாக்கலாம்.”

“இவரு கொண்டாந்தாராம்” என்றார் வேல்முருகன் மாமா. “மொதல்ல வந்தது என்ற பைங்க. மூத்த மாப்பிள்ளை நானு.”

“மொதல்ல வந்தா? வாங்குனது மட்டச் சரக்கு. மேளக்காரனே மூஞ்சியச் சுளிச்சிருப்பான்.”

“குடிச்சுப் பாத்தயா நீயி? எக்ஸைஸ்காரனில்ல கொண்டு போயிட்டான்.”

கொழிஞ்சாம்பாறை மாமா, காதணி விழாப் பை தன்னுடையது, அதில் தன் மகள் போட்டோகூட இருக்கிறது, அதை வேறு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்றார். வக்கீலம்மா பொள்ளாச்சி மாமா பக்கம் திரும்பினார்.

“நீங்க அங்கிருந்து வரும்போது தமிழ்நாட்டுச் சரக்கு கொண்டாந்தீங்களோ?”

“சத்தியமா இல்லீங்க. இங்கத்த கடையிலதானுங்க வாங்குனேன். ஒண்ணரை மணி நேரம் வெயில்ல நின்னேனுங்க. மாமனாருக்காக நின்னேன், வேற எவனுக்கு நிப்பேன்?”

“அதை அப்படியே எழுதிக்கிறேன்” என்றார் வக்கீலம்மா, உட்கார்ந்து.

நான்கு வாக்குமூலங்கள். ஒவ்வொன்றையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் தமிழில் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டு, பிறகுதான் கையெழுத்து வாங்கினார். சாயங்காலம் ஆகிவிட்டது. அம்மா எல்லோருக்கும் உப்புமா கிண்டினார். ஒரு வருடத்துக்கு மேலாக எங்கள் வாசல் மிதிக்கக் கூச்சப்பட்ட நான்கு பேரும் அன்று ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கு இன்றும் ஆச்சரியம் அதுதான். வக்கீலம்மா யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை, யாரையும் தலைகுனிய வைக்கவில்லை. அவர்கள் பெருமையாக நினைக்கிற ஒன்றைத் தொட்டு, அந்தப் பெருமையாலேயே உண்மையைச் சொல்ல வைத்தார். எங்கள் வழக்கத்தால் வந்த வழக்கை எங்கள் வழக்கத்தாலேயே அவிழ்த்தார்.

இரண்டாவது நாள் உயர் நீதிமன்றத்தில் பைகளின் போட்டோக்களையும் மொழிபெயர்ப்பையும் கொடுத்தார்கள். காதணி விழா என்றால் என்ன என்று நீதிபதி கேட்டார். வக்கீலம்மா தன் காதைத் தொட்டுக் காட்டி விளக்கினார். அரசு வக்கீல், பைகளில் இருக்கும் பெயர்களை மறுக்கவில்லை. உத்தரவு இரண்டு வாரத்தில் வந்தது. அரசுத் தரப்பு கொண்டுவந்த பொருள்களே நான்கு வெவ்வேறு ஆட்களைக் காட்டுகின்றன, ஒவ்வொருவரும் வைத்திருந்தது சட்டம் அனுமதித்த அளவுக்குள், இந்தப் பெண் விற்றதாகவோ தனக்கென வைத்திருந்ததாகவோ ஒரு சான்றும் இல்லை, இந்த வழக்கைத் தொடர்வது நீதி ஆகாது. குற்றச்சாட்டு ரத்து.

வக்கீலம்மா போனில் சொல்லவில்லை. பஸ் ஏறி வடகரப்பதிக்கு வந்தார். அங்கன்வாடி முற்றத்தில் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், ஆறு பக்கம் உத்தரவையும் நின்றபடியே வரிவரியாகத் தமிழில் படித்தார். கடைசி வரி முடிந்ததும் அம்மா, “இன்னொருக்கா படிங்க” என்றார். இன்னொரு முறையும் படித்தார். அடுத்த திங்கட்கிழமை அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனார். இன்றும் போகிறார். இதோ, இந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார். பேசச் சொன்னோம். “நீயே சொல்லிடு கண்ணு, எனக்கு அழுகை வந்துரும்” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருடமாக நான் வக்கீலம்மாவின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தாள்களை மொழிபெயர்ப்பதும் தட்டச்சு செய்வதும் என் வேலை. சம்பளம் தந்து என்னை வைத்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். என் அம்மாவின் பெயரைத் திருப்பித் தந்ததற்கு எப்படி நன்றி சொல்வது? அவர் எங்களுக்கு என்ன உறவு? எங்கள் சாதியா, எங்கள் மதமா, எங்கள் ஊரா? இரண்டாவது தடவை, ரம்ஜான் மாதத்தில் நோன்போடு எங்கள் வழக்குக்காக எர்ணாகுளம் போய் வந்தவர். போய் வந்ததை நாங்கள் சொல்லித்தான் ஷபீர் அண்ணாவுக்கே தெரியும். வக்கீலம்மாவுக்கு நெஞ்சில் கோளாறு இருந்தது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. இருபத்திரண்டு நாளுக்கு முன், நீதிமன்ற வராந்தாவில், கட்சிக்காரர் ஒருவரின் தாளைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். ஐம்பத்து நான்கு வயது. அது போகிற வயதா?

முஹ்சினா, உன் அம்மாவை எங்களுக்காக நிறைய நாள் கடன் கொடுத்திருக்கிறாய். பரீட்சை நாளில்கூட அவர் எங்களோடு இருந்திருக்கிறார். அதற்காக இந்த ஊர் உனக்குக் கடமைப்பட்டிருக்கிறது. உன் வீட்டு நல்லது கெட்டது எதுவாக இருந்தாலும் எங்களுக்குச் சொல்லாமல் விடாதே.

கடைசியாக ஒன்று. இரங்கல் கூட்டத்தில் அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று சொல்வது வழக்கம். நானும் சொல்கிறேன். ஆனால் என்னால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்து சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. அலுவலகத்தில் பாதியில் நிற்கும் வழக்குகள் முப்பத்தொன்று. பிரதீப் சார் எல்லாவற்றையும் தானே ஏற்று நடத்துவதாக இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு இந்த ஊர் சார்பில் நன்றி. ஆனால் சாருக்குத் தமிழ் படிக்க வராது. எங்கள் முறைகளும் பைகளும் மூட்டைகளும் அவருக்குத் தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நான் இருப்பேன். வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை காலை, இந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பேன். மெம்பர் ஜிஷா அவர்கள் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த அலுவலகத்திலிருந்து எந்தத் தாள் வந்தாலும் கொண்டுவாருங்கள். கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டுகிறேன்.

முப்பத்தொரு வழக்கில் ஒன்று வட்டவடையிலிருந்து வந்தது. சிலுவைராஜ் அண்ணா மலையிலிருந்து முட்டைக்கோஸும் பூண்டும் ஜீப்பில் ஏற்றி மூணாறுக்கு ஓட்டுகிறவர். ஒரு பூண்டு மூட்டைக்குள் பாட்டில்கள் இருந்தன. மூட்டை யாருடையது என்று தெரியவில்லை, ஓட்டியவர் மேல் வழக்கு. லைசென்ஸையும் ஜீப்பையும் பிடித்து வைத்துவிட்டார்கள், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். குற்றச்சாட்டை ரத்து செய்யக் கேட்கும் மனு பாதி எழுதியபடி வக்கீலம்மாவின் மேசையில் இருக்கிறது. போன வாரம் சிலுவைராஜ் அண்ணா எனக்குப் போன் செய்தார். “தங்கச்சி, வக்கீலம்மா போயிட்டாகன்னு கேள்விப்பட்டேன். இந்த நேரத்துல என் கேசு என்னாகும்னு கேக்கவே நாக்கு கூசுது. ஆனா கேக்காம இருக்க முடியலத்தா” என்றார். நேற்றே மலையிலிருந்து இறங்கி, இரண்டு பஸ் மாறி, இன்று இங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அவருடைய மகஸரை நேற்று நான் வரிவரியாகப் படித்தேன். மூன்றாவது வரியில், மூட்டையின் வாய் சணலால் தைக்கப்பட்டிருந்தது என்று இருக்கிறது. அதன் பக்கத்தில் வக்கீலம்மா பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். என்ன கேட்க நினைத்தார் என்று எழுதவில்லை. கேட்பதற்கு முன் போய்விட்டார்.

வழக்கறிஞர் நஜ்மா அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் சார்பிலும் இந்த ஊரின் சார்பிலும் என் நன்றியைச் செலுத்துகிறேன்.

சிலுவைராஜ் அண்ணா, கூட்டம் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடாதீர்கள். அந்த மூன்றாவது வரியைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.